ஃபிஜி, பொலினீசிய மொழிகளும் அவற்றின் தீவுத் தாயகங்களும்

முன்னுரை

1769-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் கேப்டன் குக்கின் கப்பல் நியூசிலாந்துக் கரையை அடைந்தது. அக்கப்பலில் ராயாத்தேயா தீவிற் பிறந்தவரும் தாஹித்தியில் வாழ்ந்தவருமான துப்பாயா என்னும் கடலோடி இருந்தார். அவர் அதற்குமுன் நியூசிலாந்தைக் கண்டவரல்லர். ஆயினும் கரையில் நின்ற மாவோரி மக்களிடம் தம் மொழியிலேயே பேசினார். அவர்களும் அதனைப் புரிந்துகொண்டு மறுமொழி கூறினர். ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் கடல் இடையிட்ட இரு நிலத்தார் மொழிபெயர்ப்பாளரின்றி உரையாட முடிந்ததைக் கண்டு கப்பலில் இருந்தோர் வியந்தனர்.

அவ்வியப்பினின்று பிறந்த வினா இன்றும் மொழியியலாளரின் கவனத்துக்கு உரியதாகவே உள்ளது. இத்துணைப் பரந்த கடற்பரப்பில் இம்மொழிகள் எவ்வாறு பரவின? அவை எங்கு உருப்பெற்றன? ஒரு மொழிக்குத் ‘தாயகம்’ என நாம் ஓரிடத்தைச் சுட்டும்போது எதனைக் கருதுகிறோம்? இவ்வினாக்களுக்கு ஃபிஜி, பொலினீசிய மொழிகள் தரும் விடைகளை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மலாய் மொழியை அன்றாடம் கேட்டும் பேசியும் வாழும் இவ்வட்டாரத் தமிழாசிரியர்க்கு இச்செய்தி தொலைவிலுள்ளதன்று என்பதையும் இடையே காட்ட முற்படுவோம்.

இக்கட்டுரையில் பசிபிக் தீவுச் சொற்கள், மலாய்ச் சொற்களைத் தமிழில் எழுத நாம் பின்பற்றும் வழக்கத்தை ஒட்டியே எழுதப்பெற்றுள்ளன. மேற்கோட்குறி (’) குரல்வளை அடைப்பொலியைக் குறிக்கும்.

ஒலியொப்புமையும் உறவும்

ஃபிஜி மொழிகளும் பொலினீசிய மொழிகளும் ஆஸ்திரோனீசியம் என்னும் பெருங்குடும்பத்தைச் சார்ந்தவை. மேற்கே மடகாஸ்கரிலிருந்து கிழக்கே ஈஸ்டர் தீவாகிய ராப்பா நூயி வரை வழங்கும் 1,200-க்கும் மேற்பட்ட மொழிகளை உடையது இக்குடும்பம். மலாயும் இதன் உறுப்பே. இவ்வுறவைப் பின்வரும் சொற்களால் உணரலாம். ஒவ்வொரு வரியிலும் மலாய், ஃபிஜி, தொங்கா, சமோவா, மாவோரி, ஹவாய் என்னும் வரிசையில் சொற்கள் அமைந்துள்ளன.

நிலம்: பெனுவா, வானுவா, ஃபொனுவா, ஃபானுவா, ஃபெனுவா, ஹொனுவா.
வீடு: பாலாய், வாலே, ஃபாலே, ஃபாலே, ஃபாரே, ஹாலே.
மீன்: ஈக்கான், ஈக்கா, ஈக்கா, ஈ’ஆ, ஈக்கா, ஈ’ஆ.
வானம்: லாஙிட், லாஙி, லாஙி, லாஙி, ராஙி, லானி.
மழை: ஹூஜான், ஊதா, ’ஊஹா, ஊவா, ஊவா, ஊவா.

மலாயில் ‘பெனுவா’ இன்று கண்டத்தையும் ‘பாலாய்’ பொதுமண்டபத்தையும் குறித்தல் பொருள் வளர்ச்சியாகும். ஃபிஜியின் ‘ஊதா’ என்பதிலுள்ள தகரம், தமிழில் ‘அது’ என்னும் சொல்லில் இரு உயிர்களுக்கிடையே நாம் ஒலிக்கும் தகரத்தை ஒத்தது.

இங்கு நோக்கத்தக்கது சொற்களின் தோற்ற ஒற்றுமையன்று. வேறுபாடுகளின் ஒழுங்கே ஆகும். மலாயில் பகரம் நிற்கும் முதலிடத்தில் ஃபிஜியில் வகரமும், தொங்கா, சமோவா மொழிகளில் ஃபகரமும், ஹவாயில் ஹகரமும் வருகின்றன. மற்ற மொழிகளின் லகரம் மாவோரியில் ரகரமாகிறது. ககரம் சமோவாவிலும் ஹவாயிலும் குரல்வளை அடைப்பொலியாகிறது. ஙகரம் ஹவாயில் னகரமாகிறது. இவ்வொழுங்கு ஒரு சொல்லில் மட்டும் தோன்றி மறைவதன்று. நூற்றுக்கணக்கான சொற்களில் மீண்டும் மீண்டும் காணப்படுவது. ஓட்டோ டெம்ப்வோல்ஃப் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1934 முதல் 1938 வரை வெளியிட்ட ஒப்பியல் ஆய்வு இத்தகைய ஒழுங்குகளின் மீதே கட்டப்பட்டது. பொலினீசிய மொழிகளுக்கெனப் புரூஸ் பிக்ஸ் 1965-இல் தொடங்கிய ஒப்பியல் சொற்களஞ்சியத் திட்டமும் இவ்வழியிலேயே வளர்ந்தது.

தாயகத்தைக் கண்டறியும் முறை

உறவு உறுதிப்பட்டபின், அம்மொழிகள் எங்கிருந்து பரவின என்னும் வினா எழுகிறது. 1916-இல் எட்வர்டு சபீர் இதற்கு ஒரு நெறியை வகுத்தார். ஒரு மொழிக்குடும்பத்தின் முதற்கிளைகள் எங்குச் செறிந்து கிடக்கின்றனவோ அவ்விடமே அதன் பரவலுக்கு மையமாக இருந்திருத்தல் கூடும் என்பது அந்நெறி. மொழி நெடுங்காலம் தங்கிய இடத்திலேயே ஆழமான வேறுபாடுகள் தோன்றும். அண்மையிற் பரவிய இடத்தில் எத்துணைப் பரப்பு இருப்பினும் வேறுபாடு குறைவாகவே இருக்கும்.

இந்நெறியை ஒட்டியே ராபர்ட் பிளஸ்ட் ஆஸ்திரோனீசியக் குடும்பத்தின் தாயகம் தைவான் தீவு எனக் கொண்டார். அவர் பகுப்பின்படி அக்குடும்பத்தின் பத்து முதற்கிளைகளுள் ஒன்பது தைவானிலேயே உள்ளன. எஞ்சிய ஒரு கிளையே தைவானுக்கு வெளியே பரவி, மலாய் முதல் மாவோரி வரையிலான மொழிகள் அனைத்தையும் ஈன்றது.

எனினும் இருப்பிடம் மட்டும் வரலாற்றை உணர்த்தாது. திக்கோப்பியா, ரென்னல் முதலிய தீவுகளில் வழங்கும் மொழிகள் பொலினீசிய முக்கோணத்துக்கு மேற்கே, மெலனீசியப் பகுதியில் உள்ளன. இத்தகைய புறத்தீவு மொழிகள் ஏறத்தாழப் பதினைந்து. கிழக்கு நோக்கிச் சென்ற பொலினீசியர் வழியில் விட்டுச்சென்ற எச்சங்களே இவை என ஒருகாலத்தில் கருதியோர் உண்டு. ஆனால் இம்மொழிகள் சமோவா சார்ந்த கிளைக்கே உரிய பிற்கால மாற்றங்களை ஏற்றுள்ளன. அம்மாற்றங்கள் தோன்றும் முன்பே இவை பிரிந்து நின்றிருப்பின் அவற்றை ஏற்றிருத்தல் இயலாது. ஆகவே இம்மொழியினர் முக்கோணத்துக்குட் சென்று, பின்னர் மேற்கே திரும்பியவர் என்பது பெறப்படுகிறது. பழமைக் கூறுகளைப் பகிர்தல் உறவைக் காட்டும்; புத்தாக்கங்களைப் பகிர்தலே உட்பிரிவைக் காட்டும். ஆண்ட்ரூ பாலி 1966-இல் பொலினீசிய மொழிகளைப் பகுத்தபோது கைக்கொண்ட அளவுகோலும் இதுவே.

ஃபிஜி: மரமாகாத மொழித்தொடர்

1832-இல் டூமோன் டூர்வில் என்னும் பிரெஞ்சுக் கடற்படையாளர் பசிபிக் தீவுகளைப் பொலினீசியா, மெலனீசியா, மைக்ரோனீசியா எனப் பிரித்தார். மக்களின் தோற்றத்தைப் பெரிதும் கருதிச் செய்த இப்பிரிவில் ஃபிஜி மெலனீசியாவிலும் அதன் அண்டையிலுள்ள தொங்கா பொலினீசியாவிலும் சேர்ந்தன. மொழிகளோ அக்கோட்டை ஏற்கவில்லை. ஃபிஜி, ரொத்துமா, பொலினீசிய மொழிகள் மூன்றும் நடுப் பசிபிக் என்னும் ஒரே உட்பிரிவைச் சாரும் என ஜார்ஜ் கிரேஸ் 1959-இல் காட்டினார்.

இவ்வுட்பிரிவுக்கே உரிய பொதுப் புத்தாக்கங்கள் மிகச் சிலவே. பொலினீசிய மொழிகளுக்கே உரியவையோ மிகப் பல. இவ்வேறுபாட்டுக்கு ஒரு காரணம் உண்டு. நடுப் பசிபிக் மொழியினர் ஒன்றாய் இருந்த காலம் குறுகியது. பொலினீசியர் ஒன்றாய் இருந்த காலம் நீண்டது. தொல்லியல் இதனோடு ஒத்துச் செல்கிறது. லாப்பித்தா என்னும் முத்திரையிட்ட மட்கலப் பண்பாடு பிஸ்மார்க் தீவுக்கூட்டத்தில் ஏறத்தாழ 3,300 ஆண்டுகளுக்கு முன் தோன்றியது. சில நூற்றாண்டுகளுக்குள், ஏறத்தாழ 3,000 ஆண்டுகளுக்கு முன், அது ஃபிஜியை அடைந்தது. தொங்காவின் நுக்குலேக்கா என்னுமிடத்தில் அதன் காலம் ஏறத்தாழ 2,850 ஆண்டுகளுக்கு முற்பட்டதெனக் கணிக்கப்பட்டுள்ளது. மொழி ஓரிடத்தில் நிலைத்துப் புதுமைகளைத் திரட்டுவதற்குள் மக்கள் அடுத்த தீவுக்குச் சென்றுவிட்டனர்.

ஃபிஜியின் உள்நிலை இன்னும் நுட்பமானது. அங்கு ஏறத்தாழ 300 ஊர்வழக்குகள் உள. அண்டை ஊர்கள் ஒன்றையொன்று புரிந்துகொள்ளும்; தொடரின் இரு முனைகளான மேற்கு ஃபிஜியும் கிழக்கு ஃபிஜியும் ஒன்றையொன்று புரிந்துகொள்ளா. பால் ஜெராட்டி 1983-இல் வெளியிட்ட ஃபிஜி மொழிகளின் வரலாறு இத்தொடரை விரிவாக ஆராய்ந்தது. அவர் முடிவு வருமாறு: தொடக்கத்தில் ஃபிஜியிலிருந்து தொங்கா வரை ஒரே வழக்குத்தொடர் நிலவியது. அதன் கிழக்கு முனை கடலால் விலகித் தொல் பொலினீசியமாயிற்று. அதனோடு நெருங்கிய உறவு கொண்டிருந்த கிழக்கு ஃபிஜி வழக்குகளோ நாளடைவில் தம் மேற்கு அண்டை வழக்குகளோடு மீண்டும் ஒன்றின.

இதனால் கிழக்கு ஃபிஜியின் லாவ் தீவு வழக்குகளில், பொலினீசியத்தோடு மட்டும் பகிரப்பெறும் பழம்புத்தாக்கங்களின் சுவடுகள் இன்றும் உள. இன்று நாம் ‘ஃபிஜி மொழி’ எனக் கூறும் ஒருமை பிறப்பால் வந்ததன்று. ஒரே தீவுக்கூட்டத்தில் அடுத்தடுத்து வாழ்ந்தமையால் வந்தது. ஒரு தாய்க்குப் பிறந்த மக்களாக மொழிகளைக் காட்டும் மரவரைபடம் இதனைக் காட்டவல்லதன்று. தொங்காவில் கடல் மொழியைப் பிரித்தது; ஃபிஜியில் நிலம் மொழிகளைச் சேர்த்தது.

எழுத்துமொழி வந்த வரலாறும் இத்தொடரின் இயல்பை விளக்கும். 1835-இல் மெதடிஸ்டு சமயப் பணியாளர்களான டேவிட் கார்கில், வில்லியம் கிராஸ் இருவரும் தொங்காவிலிருந்து லாவின் லக்கெம்பா தீவுக்கு வந்து அவ்வழக்கிலேயே எழுதத் தொடங்கினர். பின்னர் 1843-இல் அரசியல் வலிமை பெற்றிருந்த பாவ் தீவின் வழக்கே பொதுமொழிக்கு அடிப்படையாகக் கொள்ளப்பட்டது. கார்கில் அமைத்த நெடுங்கணக்கில் ‘ந்த’, ‘ம்ப’, ‘ங்க’ என்னும் மெல்லினம் சார்ந்த ஒலிகளுக்குத் தனித்தனி உரோம எழுத்தொன்றே அமைந்தது. அதனாலேயே ‘நாடி’ எனப் பிறர் படிக்கக்கூடிய ஊர்ப்பெயர் ‘நாந்தி’ என ஒலிக்கிறது. இவ்வொலிகளை வருந்தாது எழுதவல்லது நம் எழுத்து என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

தொங்காவும் சமோவாவும்: பொலினீசியம் உருவான களம்

பொலினீசிய மொழிகளின் முதற்கிளைகள் இரண்டு. தொங்காவும் நியுவேயும் ஒரு கிளை. சமோவா, தூவாலு, தொக்கெலாவ், புறத்தீவு மொழிகள், கிழக்குப் பொலினீசிய மொழிகள் யாவும் மற்றொரு கிளை. பின்னது மையப் பொலினீசியம் எனப்படும். தொங்காவின் ‘’ஊஹா’ ஏனைய மொழிகளில் ‘ஊவா’ ஆதலும், ஒன்பதைக் குறிக்கும் தொங்காவின் ‘ஹிவா’ சமோவாவில் ‘இவா’ ஆதலும் மையப் பொலினீசியத்தின் ஹகர இழப்பைக் காட்டும். சபீரின் நெறிப்படி நோக்கின் இரு கிளைகளும் சந்திக்கும் தொங்கா–சமோவா வட்டாரமே தொல் பொலினீசியத்தின் தாயகமாதல் வேண்டும்.

உயிரினப் பெயர்களும் இதற்குத் துணைநிற்கும். பாம்பு ஃபிஜியில் ‘ஙாத்தா’, தொங்காவிலும் சமோவாவிலும் அதுவே. நிலப்பாம்பே இல்லாத நியூசிலாந்தில் ‘ஙாத்தா’ நத்தையையும் அட்டையையும் குறிக்கிறது. கோழியைக் குறிக்கும் பொலினீசியச் சொல் ‘மோவா’. கோழி சென்றடையாத நியூசிலாந்தில் அது, பின்னாளில் அற்றொழிந்த பறக்கவியலாப் பெரும்பறவைக்குப் பெயராயிற்று. மலாயின் ‘ஞியூர்’ என்பதன் உறவுச்சொல்லாகிய ‘நியூ’ தென்னையைக் குறிப்பது. தென்னை விளையாத குளிர்நிலத்தில் மாவோரி அச்சொல்லைக் குறிபார்க்கும் குச்சிகளுக்கு வைத்துக்கொண்டது. பொருளை இழந்த சொற்கள் இவ்வாறு புதுப்பொருள் ஏற்று நிற்பதைக் கொண்டு, அவற்றைப் பேசியோர் பாம்பும் கோழியும் தென்னையும் உள்ள வெப்பத் தீவுகளினின்று வந்தோர் என அறியலாம்.

இம்மக்கள் மேலைப் பொலினீசியாவில் நெடுங்காலம் தங்கினர். கிழக்குப் பொலினீசியாவின் குடியேற்றம் கி.பி. 1000-ஐ ஒட்டியே தொடங்கியது என்றும், நியூசிலாந்துக் குடியேற்றம் 13-ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது என்றும் அண்மைக்காலக் காலக்கணிப்புகள் காட்டுகின்றன. இடைப்பட்ட காலம் ஏறத்தாழ 1,800 ஆண்டுகள். பொலினீசியத்துக்கே உரிய புத்தாக்கங்கள் பலவும் திரண்டது இந்நெடிய தங்கலின் முற்பகுதியில் எனக் கொள்ளலாம். எனவே பொலினீசியர் எங்கிருந்தோ பொலினீசியராக வந்தவரல்லர். அத்தீவுகளிலேயே பொலினீசியர் ஆயினர். பாட்ரிக் கிர்ச், ரோஜர் கிரீன் இருவரும் 2001-இல் வெளியிட்ட ஆய்வின் மையக்கருத்தும் இதுவேயாகும்.

நினைவில் நிற்கும் தாயகம்

ஆய்வாளர் கண்டறியும் தாயகம் ஒருபுறமிருக்க, மக்கள் நினைவிற் போற்றும் தாயகம் மற்றொன்று உண்டு. மாவோரி மக்கள் தம் முன்னோர் ‘ஹவாய்க்கி’யிலிருந்து வந்தனர் என்பர், இறந்தோர் உயிர் அங்கே திரும்பும் என்றும் நம்பினர். சமோவாவின் பெருந்தீவு ‘சவாய்’ஈ’. ராயாத்தேயாவின் பழம்பெயர் ‘ஹவாய்’ஈ’. வடக்கே அதுவே ஹவாய்த் தீவின் பெயர். முன்னே கண்ட ஒலியொழுங்கின்படி இவையனைத்தும் ‘சவாய்க்கி’ என்னும் ஒரே பழம்பெயரின் வடிவங்கள். ஒவ்வொரு குடியேற்றமும் முன்னைய இல்லத்தின் பெயரைப் புது நிலத்துக்குச் சூட்டியது. ஆகவே ஹவாய்க்கி எது என ஒரே தீவைச் சுட்ட முயல்வது பயனற்றது. எந்த நிலத்தை விட்டு நீங்கினரோ அதுவே அவ்வவர்க்கு ஹவாய்க்கி.

திசைப்பெயர்களும் இவ்வாறே பயணம் செய்தன. ‘தொங்கா’ தெற்கையும் தென்காற்றையும் ‘தொக்கெலாவ்’ வடக்கையும் வடகாற்றையும் குறித்த சொற்கள். இவற்றுக்கு நேரான ஹவாய்ச் சொற்கள் ‘கோனா’, ‘கோ’ஓலாவ்’. அங்கு அவை தீவின் காற்று மறைந்த பக்கத்தையும் காற்று வீசும் பக்கத்தையும் முறையே குறிக்கின்றன.

இனி, நிலத்தைக் குறிக்கும் சொல்லுக்கு வருவோம். ஃபிஜியில் ‘வானுவா’ மண்ணை மட்டும் குறிப்பதன்று. அம்மண்ணுக்குரிய மக்களையும் அவர்தம் மரபையும் சேர்த்தே குறிக்கும். மாவோரியில் ‘ஃபெனுவா’ நிலத்தையும் நஞ்சுக்கொடியையும் குறிக்கும். பிறந்த குழந்தையின் நஞ்சுக்கொடியைத் தம் நிலத்திற் புதைக்கும் மரபும் அவர்க்கு உண்டு. தொங்கா, சமோவா மொழிகளிலும் இவ்விரு பொருள் உள. மொழிக்கும் நிலத்துக்கும் உள்ள தொடர்பை ஆய்வாளர் வகுக்கும் முன்பே அம்மொழிகள் ஒரு சொல்லுள் வைத்திருந்தன எனலாம்.

ஒப்புமையில் கொள்ளவேண்டிய எச்சரிக்கை

இத்தலைப்பைப் பேசும்போது தமிழ் அவைகளில் தவறாது எழும் ஒரு வினா உண்டு. பொலினீசியருக்கும் தமிழருக்கும் பண்டை உறவு இருந்ததா என்பதே அது. அதற்குச் சான்றாகக் காட்டப்பெறுவது நியூசிலாந்தின் ‘தமிழ் மணி’. வில்லியம் கொலென்சோ என்னும் சமயப் பணியாளர் 1836-ஐ ஒட்டி வடக்கு நியூசிலாந்தில் உடைந்த வெண்கல மணியொன்றைக் கண்டார். மாவோரிப் பெண்டிர் அதனை உருளைக்கிழங்கு வேகவைக்கும் கலமாகப் பயன்படுத்தி வந்தனர். அதில் தமிழ் எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன. அவை அதனை ஒருவருடைய கப்பலின் மணி எனக் கூறுகின்றன. இன்று அது வெலிங்டனிலுள்ள தே பாப்பா அருங்காட்சியகத்தில் உள்ளது.

மணி உண்மையானது, எழுத்தும் தமிழே. ஆயினும் அதன் எழுத்து வடிவம் தொன்மையானதன்று. பொறிக்கப்பட்ட பெயர் ஓர் இசுலாமியப் பெயர். ஒரு பொருள் கடல்வழியே பல கைகள் மாறிச் செல்லலாம். அதனைக் கொண்டு மொழியுறவோ குடியேற்றமோ நாட்டுதல் இயலாது. மக்கள் கலந்த இடத்தில் மொழி அதற்குச் சான்று தரும். தென்னமெரிக்காவின் சர்க்கரைவள்ளிக் கிழங்கு பொலினீசியாவுக்கு வந்தபோது ‘கூமரா’ என்னும் பெயரும் உடன் வந்தது. 2020-இல் வெளிவந்த மரபணு ஆய்வும் கி.பி. 1200-ஐ ஒட்டிய அத்தொடர்பை உறுதிப்படுத்தியது. தமிழர் வணிகத்தால் மலாய் ‘காப்பால்’, ‘கெடாய்’ முதலிய சொற்களைப் பெற்றது. பொலினீசிய மொழிகளிலோ கலத்துக்கு ‘வாக்கா’ என்னும் அவர்தம் தொல்சொல்லே வழங்குகிறது.

ஒப்புமை மயக்கத்துக்குப் பேரறிஞரும் ஆளாயினர். இந்தோ-ஐரோப்பிய ஒப்பியலுக்கு அடித்தளமிட்ட ஃபிரான்ஸ் பாப், 1841-இல் மலாய–பொலினீசிய மொழிகளும் அக்குடும்பத்தோடு உறவுடையன எனக் கூறினார். மலாயின் ‘டுவா’வும் வடமொழியின் ‘த்வா’வும் இரண்டைக் குறித்தல் யாரையும் மயக்கக்கூடியதே. எனினும் ‘டுவா’வின் உறவு ஃபிஜியின் ‘ரூவா’, சமோவாவின் ‘லூவா’ ஆகியவற்றோடுதான். வடமொழிச் சொல்லோடு கொண்ட ஒற்றுமை தற்செயலானது. பாப் கூறியது நிலைக்கவில்லை. அவர் புகழ் அதனால் குறையவும் இல்லை; பிழை பிழையென ஏற்கப்பட்டமையே துறையை வளர்த்தது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் ஒரு மொழிக்குத் தாயகம் என்பது மூவகைப்படும் எனத் தொகுத்துரைக்கலாம். குடும்பம் தோன்றிய இடம் ஒன்று. அம்மொழி தன் தனித்தன்மையைப் பெற்ற இடம் மற்றொன்று. பேசுவோர் நினைவிற் கொண்ட இடம் பிறிதொன்று. பொலினீசிய மொழிகளுக்கு அவை முறையே தைவான், தொங்கா–சமோவா வட்டாரம், ஹவாய்க்கி ஆகும். இம்மூன்றையும் ஒன்றெனக் குழப்புவதாலேயே பல வீண்வாதங்கள் எழுகின்றன.

ஃபிஜியில் 1879 முதல் 1916 வரை ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற ஏறத்தாழ 60,000 இந்தியரின் வரலாற்றுக்கும் இப்பகுப்பு பொருந்தும். 1903 முதல் சென்னை வழியாகத் தமிழரும் அங்குச் சென்றனர். தோட்டங்களில் வடஇந்திய வழக்குகள் பல கலந்து ஃபிஜி இந்தி உருவாயிற்று; தமிழர் வழித்தோன்றல்களுள் பெரும்பாலோர்க்கு இன்று அதுவே வீட்டுமொழி. அதன் வேர் கங்கைச் சமவெளியில் இருப்பினும் அது பிறந்த நிலம் ஃபிஜியே. நியுவே மொழிக்கு நிகழ்ந்ததோ வேறு. தீவில் வாழ்வோர் இரண்டாயிரத்துக்கும் குறைவு. நியூசிலாந்தில் வாழும் நியுவே மக்கள் 20,000-க்கும் மேற்பட்டோர். அம்மொழி நிலைப்பதும் மறைவதும் இனி ஆக்லாந்து வீடுகளையும் வகுப்பறைகளையும் பொறுத்தது. தாயகத்துக்கு அப்பால் தமிழ் கற்பிக்கும் நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

வகுப்பறையில் செய்யத்தக்க ஒன்றைக் கூறி இக்கட்டுரையை நிறைவு செய்வோம். தமிழுக்கும் பசிபிக் மொழிகளுக்கும் உறவு உண்டா என மாணவர் வினவும்போது, இல்லை என்று மட்டும் கூறி நிறுத்த வேண்டுவதில்லை. ‘ஈக்கான்’, ‘ஹூஜான்’, ‘லாஙிட்’ என அவர்கள் நன்கறிந்த மலாய்ச் சொற்களைக் கரும்பலகையில் எழுதி, அவற்றின் எதிரே ஃபிஜி, சமோவா, மாவோரிச் சொற்களை எழுதலாம். ஒழுங்கை அவர்களே கண்டுபிடிப்பர். உண்மையான உறவு எத்தகையது என ஒருமுறை கண்டவர், போலி உறவைத் தாமே இனங்கண்டுகொள்வர். தமிழுக்கும் தெலுங்குக்கும், தமிழுக்கும் கன்னடத்துக்கும் உள்ள உறவைக் கற்கவும் அப்பயிற்சியே அவர்களுக்கு வாயிலாக அமையும்.